கடைசி வார்த்தை மட்டும் மாறாது

தொடர்களில் உதவி இயக்குநராகச் சேர்கிறவன் கையில் முதலில் திணிக்கப்படுவது வசனப் பேப்பர். கேமராவுக்குப் பக்கத்தில், நடிப்பவரின் பார்வை நம் மேல் விழாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிக்க வேண்டும். நாம் நிறுத்தியதும் அவர் சொல்வார். அப்புறம் அடுத்த வரி. பிராம்ப்டிங் என்பார்கள். எப்படியும் பிறகு டப்பிங் பேசப்போகிறார்கள் என்பதால், நம் குரலும் சேர்ந்து பதிவாவதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. காலையில் முதல் ஷாட்டிலிருந்து இரவு பேக்கப் வரைக்கும் மாமியாராகவும் மருமகளாகவும் வில்லனாகவும் நானே பேசிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிக்காது.

அந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தால், யார் எங்கிருந்து நடிக்க வந்தவர் என்று தானாகத் தெரிந்துவிடும். மாடலிங் செய்துவிட்டு வந்தவர் நம் வாயையே பார்ப்பார். சினிமாவில் கதாநாயகியாக இருந்து வந்தவர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு 'கட்' வரும் என்று காத்திருப்பார். நாடகத்திலிருந்து வந்தவருக்கு நாம் படிப்பதே இடைஞ்சல்.

அப்படி வந்த ஒருவரோடு பல வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், எழுதினால் திட்டுவார். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் 'அம்மா'. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். பாவாடை கட்டும் வயதிலேயே ஸ்பெஷல் நாடக மேடை, பிறகு கோடம்பாக்கம், தலை நரைத்த பிறகு சின்னத்திரை. முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. பஞ்சாயத்துக் காட்சியில் கூட்டத்தின் முன்வரிசையில் நின்று மண்ணை வாரித் தூற்றுபவர், பிரசவ அறையிலிருந்து வெளியே வந்து ஆண் குழந்தை என்று சொல்பவர், இழவு வீட்டில் முதல் ஒப்பாரியை எடுப்பவர் எல்லாம் அவர்தான்.

முதல் நாள் நான் பேப்பரோடு போய் நின்றதும் அவர் சொன்னது: "தம்பி, ரெண்டு வாட்டி படி. கட்டக் கடைசி வார்த்தையை மட்டும் நல்லா அழுத்திச் சொல்லு. அப்பறம் அந்தப் பக்கம் போயி நின்னுக்க."

நான் படித்ததை மேக்கப் போட்டுக்கொண்டே கேட்டார். கண் மூடியிருந்தது. உதடு அசையவில்லை. ஷாட்டில் அவர் பேசியதும் எனக்குத் திக்கென்றது. பேப்பரில் இருந்ததில் முக்கால்வாசி இல்லை. எழுத்தாளர் 'நம்ம குடும்ப கௌரவம்' என்று எழுதியிருந்த இடத்தில், 'நாலு பேரு நடையேறி வர்ற வீடு' என்றார். விஷயம் ஒன்றுதான், சொல் அவருடையது. ஆனால் கடைசி வார்த்தை மட்டும் எழுத்துப் பிசகாமல் பேப்பரில் இருந்தபடியே விழுந்தது. எதிரில் நின்ற பெண் அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் தன் வரியை எடுக்க வேண்டும். எடுத்தாள். டேக் ஓகே.

பிறகு ஒரு பிரேக்கில் கேட்டேன். "நீ என்ன வேணா பேசு. ஆனா எதுத்தாப்ல நிக்கிறவனுக்கு அடி எடுத்துக் குடுத்துட்டுப் போகணும். இல்லேன்னா அவன் நட்டாத்துல நிப்பான்" என்றார். அவ்வளவுதான். டீ ஆறிவிடும் என்று குடிக்கப் போய்விட்டார்.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அவரோடு பேசப் பேசத்தான் புரிந்தது. சபா நாடகம் தெரிந்த பலருக்கு ஸ்பெஷல் நாடகம் தெரியாது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழாவுக்கு இன்றும் போடுகிறார்கள். அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து. பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். சில சமயம் கதாநாயகனும் கதாநாயகியும் முகம் பார்த்துக்கொள்வதே அன்றைக்கு இரவு மேடையில்தான். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் என்றால் பாட்டும் கதையின் போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் வரும் தர்க்கம் அப்படியல்ல. நாரதர் கேட்பார், வள்ளி மடக்குவாள், அவர் திரும்ப மடக்குவார். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் அது மாறும். அங்கே எதிராளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காதவள் மாட்டிக்கொள்வாள். அவன் கையில் எதையாவது கொடுக்காமல் தன் பேச்சை முடிப்பவளோடு அடுத்த முறை யாரும் மேடை ஏற மாட்டார்கள்.

இன்னொன்றையும் அந்த மேடை அவர் உடம்பில் விட்டிருந்தது. அக்காலத்து கிராமத்து மேடையில் நடுவில் மேலேயிருந்து ஒரு மைக் தொங்கும். பேசுகிறவர் அதற்குக் கீழே வந்துதான் பேச வேண்டும். அம்மாவை டைரக்டர் சோபாவின் ஓரத்தில் நிறுத்தினாலும், வசனம் தொடங்கியதும் கால் தானாக ஹாலின் நடுவுக்கு நகரும். ஃபோகஸ் பிடிப்பவர் தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் கேமராமேன் ஒரு வழி கண்டுபிடித்தார்: எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் நிற்கும் இடத்தையே நடுவாக வைத்து ஃபிரேம் பார்க்க ஆரம்பித்தார்.

மனோரமாவின் பெயர் வராமல் எங்கள் செட்டில் இந்தப் பேச்சு முடிந்ததில்லை. அம்மா தன் பூஜை சாமான்களோடு ஆச்சியின் படம் ஒன்றையும் மேக்கப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். ஒரே மண் என்பது ஒரு காரணம். 1937-ல் மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்தவர், அப்பா கைவிட்டதால் தன் தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தவர் மனோரமா. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டு வேலை பார்த்த சிறுமி. அந்தச் சுற்றுவட்டார நாடகங்களில் பன்னிரண்டு வயதையொட்டி மேடையேறினார். மனோரமா என்ற பெயரை வைத்ததும் நாடகக்காரர்கள்தான், திருவேங்கடம் என்ற இயக்குநரும் தியாகராஜன் என்ற ஆர்மோனியக் கலைஞரும். பிறகு எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம். அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தவர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். ஆகியோரோடு திரையில் நடித்தார். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைப் பற்றி எல்லா மேடையிலும் சொல்வார்கள்.

அடுத்து எல்லோரும் சொல்வது ஆயிரம் படக் கணக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் சாதனை. உண்மைதான். ஆனால் அந்த எண்ணைச் சாதனை என்று சொல்லிக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கால்ஷீட் எழுதிப் பிழைத்தவன் என்பதால் எனக்கு வேறொரு கணக்கு தோன்றும். ஒரு கதாநாயகி ஆயிரம் படம் நடிக்கவே முடியாது. நாள் போதாது. ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் தேதி கொடுத்து, பாட்டுக்கு வெளியூர் போய், கிளைமாக்ஸ்வரை இருந்தாக வேண்டும். நகைச்சுவைக்காரர்கள் விஷயம் வேறு. அப்போது காமெடி டிராக் பெரும்பாலும் தனியாக எழுதப்பட்டு, தனியாக எடுக்கப்பட்டது. சில நாள் வேலைதான். காலையில் ஏவி.எம்.மில் ஒரு கால்ஷீட், மதியம் வாகினியில் ஒன்று, தேவைப்பட்டால் ராத்திரிக்கு இன்னொரு இடம். எல்லாம் வடபழனி, கோடம்பாக்கத்தைச் சுற்றியே இருந்ததால் சாத்தியம். காரிலேயே புடவை மாற்றி, பொட்டு மாற்றி, குரல் மாற்றி இறங்க வேண்டும்.

மனோரமாவைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். அவர் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' 1958-ல் வந்தது. அதில் கிடைத்தது நகைச்சுவை வேடம். நாடகத்தில் கதாநாயகியாக நின்ற பெண்ணுக்கு அது கசந்திருக்காதா? 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் வண்டி அந்தப் பக்கம் ஓடவில்லை. கதாநாயகியாகவே போயிருந்தால் எழுபதுகளில் அக்கா, எண்பதுகளில் அம்மா, பிறகு வீடு என்று முடிந்திருக்கலாம். இது என் கணிப்புதான். நகைச்சுவைக்கு வயது வரம்பு கிடையாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி. ஊர் ஊராகப் போய் ஆட்டம் போடும் கம்பெனிக்காரி. சிவாஜிக்கும் பத்மினிக்கும் நடுவில், கொத்தமங்கலம் சுப்புவின் கதையில் இருந்த அந்தப் பெண்ணை மனோரமா எந்தப் பள்ளியிலும் போய்ப் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த மினுக்கும், பெரிய மனிதர்கள் முன்னால் கொஞ்சம் அதிகமாகவே குழையும் குரலும், அதற்கு அடியில் இருக்கும் மரியாதைப் பசியும் அவர் கூடவே வளர்ந்தவை. அதே வருடம் 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்யாரே ஊட்டாண்டே' என்று சொந்தக் குரலில் மெட்ராஸ் பாஷையில் பாடுகிறார். பள்ளத்தூர் பெண்ணுக்கு சூளைமேடும் சிந்தாதிரிப்பேட்டையும் எப்படி நாக்கில் வந்தன? காதுதான். தர்க்கத்தில் எதிராளியைக் கேட்டுப் பழகிய அதே காது என்று அம்மா அடித்துச் சொல்வார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நாம் நகைச்சுவை நடிகையின் வாயைத்தான் பாராட்டுகிறோம்.

ஒரு தடவை, செட்டில் யாரோ ஆயிரம் படம் என்று பேச்சை எடுத்தபோது அம்மா சொன்னார்: "ஆயிரம் படம்னா எத்தனை நாளு விடியக்காலம் எந்திரிச்சிருக்கணும், அதைக் கேட்டியா?"

மனோரமாவின் திருமண வாழ்க்கை சீக்கிரமே முறிந்தது ஊரறிந்தது. கையில் பச்சைக் குழந்தை, கூடவே தாய். அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அவர் படப் பட்டியலைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல வேடத்துக்காகக் காத்திருக்கும் வசதி குணச்சித்திர நடிகைக்குக் கிடையாது. கதாநாயகிக்குப் படத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். இவர்களுக்கோ பெரும்பாலும் நாள் கணக்குத்தான். வந்த நாளுக்குச் சம்பளம், கூட வரும் டச்சப் ஆளுக்குப் பேட்டா. வராத நாளுக்கு ஒன்றுமில்லை. 1989-ல் வெளிவந்த 'புதிய பாதை'க்குத் தேசிய விருது வாங்கியவர் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சாதாரணப் படங்களில் அதே சிரத்தையோடு நின்றிருக்கிறார். 'சின்னத் தம்பி'யில் அந்தக் கைம்பெண் தாய் மறக்கக் கூடியவளா? அடுத்த வருடமே, 1992-ல், 'சின்ன கவுண்டர்' படத்தில் பொய்ப்பல் மாட்டிக்கொண்டு வந்து சிரிக்க வைத்தார். அதே வருடம் 'அண்ணாமலை'யில் ரஜினிக்கு அம்மா.

எங்கள் அம்மாவிடம் நீங்கள் எத்தனை படம் நடித்தீர்கள் என்று கேட்டால் தெரியாது என்பார். அடக்கத்துக்காகச் சொல்வதில்லை, நிஜமாகவே தெரியாது. பல படங்களுக்கு அவர் நடித்த அன்று தலைப்பே கிடையாது. கம்பெனி பெயரைச் சொல்லி, 'புரொடக்ஷன் நம்பர் மூணு' என்றுதான் கால்ஷீட் வரும். படம் வெளிவந்ததா, அதில் இவர் காட்சி இருந்ததா, யாருக்குத் தெரியும்? அவரிடம் இருந்தது டைரிகள். ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுக்கும் டைரி. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கம்பெனியின் முதலெழுத்து, எத்தனை கால்ஷீட், வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. கொட்டை எழுத்தில், ஒற்று இல்லாமல். சில பக்கங்களில் பாக்கித் தொகை மேல் சிவப்பு மையில் வட்டம். ஒரு கம்பெனி இவருக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. மேனேஜர் போனை எடுக்கவில்லை. அந்தத் தேதிக்கு எதிரே 'காத்து' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தார். காற்றோடு போச்சு என்று அர்த்தமாம். அந்த டைரிகளைப் புரட்டியபோதுதான், நீண்ட கலைப்பயணம் என்று நாம் பட்டுத்துணி போர்த்தும் விஷயம் உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு உறைத்தது.

மேடை, சினிமா, தொலைக்காட்சி மூன்றும் ஒரே தொழில் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உடம்புக்கு மூன்றும் வேறு வேறு. மேடை தொண்டையை எடுக்கும். கடைசி வரிசையில் படுத்துக்கொண்டு பார்ப்பவனுக்கும் போய்ச் சேர வேண்டும். சினிமாவில் அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு வந்தால் சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி எறிவார். அங்கே வேண்டியது காத்திருக்கும் திறன். காலையில் மேக்கப் போட்டவரை மாலையில் ஒரே ஒரு ஷாட்டுக்குக் கூப்பிடுவார்கள். அதிலும் காட்சியின் கடைசி வரியை முதலில் எடுப்பார்கள். அழுது முடித்த முகத்தை முதலில் காட்டிவிட்டு, அழ ஆரம்பிப்பதை மறுநாள் நடிக்க வேண்டும்.

ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒன்றுபோல ஒட்ட வேண்டும் என்கிற கண்டினியூட்டி என்ற தலைவலி அங்கேதான் பிறக்கிறது. என் வேலைகளில் அதுவும் ஒன்று. ஒருநாள் அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே மருமகளைக் குத்திப் பேசும் காட்சி. முழுக் காட்சியையும் மாஸ்டர் ஷாட்டாக எடுத்தோம். பிறகு அவருக்கு க்ளோஸ், அப்புறம் மருமகளின் தோள் வழியாக ஒன்று. மூன்றிலும் கை ஒரே இடத்தில் இருந்தால்தான் எடிட்டிங்கில் ஒட்டும். நான் பேப்பரில் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. காம்பைக் கிள்ளுவது 'வந்தவ' என்ற வார்த்தையில். சுண்ணாம்பைத் தடவுவது பேச்சில்லாத இடத்தில். இலையை மடித்து வாயருகே கொண்டுபோய், போடாமல் நிறுத்துவது கடைசி வரிக்குக் கொஞ்சம் முன்னால். மூன்று தடவையும் அச்சுப் பிசகாமல் அப்படியே செய்தார். எப்படி என்று கேட்டதற்கு, "பாட்டுக்கு அடவு மாதிரி வச்சுக்கிட்டேன்" என்றார். டான்ஸ் ஆடியவர் அல்லவா. கைக்குத் தாளம் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் இருக்கும் காட்சிகளுக்கு நான் கண்டினியூட்டி எழுதுவதையே குறைத்துக்கொண்டேன்.

சின்னத்திரைக்கு வந்தால் கதை தலைகீழ். காத்திருக்க நேரமே கிடையாது. சினிமாவில் ஒரு நாளில் இரண்டு மூன்று நிமிடக் காட்சி எடுத்தால் நல்ல வேலை. தினத்தொடரில் ஏறக்குறைய ஒரு எபிசோடுக்கு உண்டானதை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். பேப்பர் சூடாக வரும். சில நாள் முதல் பக்கம் நடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாம் பக்கத்தை எழுத்தாளர் எழுதிக்கொண்டிருப்பார். சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தபோது அதில் போட்ட நாடகங்கள் கிட்டத்தட்ட மேடை நாடகம்தான். தொண்ணூறுகளில் தனியார் சேனல்களும், 1999-க்குப் பிறகு 'சித்தி' போன்ற தொடர்களும் வந்த பின்தான் இந்த ஓட்டம் பிடித்தது. விந்தை என்னவென்றால், இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்தவர்கள் இளையவர்கள் அல்ல. ஒத்திகையே இல்லாமல் விடியும்வரை நடித்துப் பழகியவர்கள்தான். பேப்பர் தாமதமாக வந்தால் பெரிய கதாநாயகிகள் முகம் சுளித்தார்கள். அம்மா மோர் குடித்துக்கொண்டு, "கதை என்னன்னு மட்டும் சொல்லு தம்பி, பாக்கியை நான் பாத்துக்கிறேன்" என்பார்.

அவருக்குப் பிடிபடாத ஒரே விஷயம் ரியாக்ஷன் ஷாட். தொடர்களில் ஒரு பழக்கம் உண்டு. யாரையாவது உட்காரவைத்து, 'கோபமா ஒண்ணு, அதிர்ச்சியா ஒண்ணு, சும்மா பாக்குற மாதிரி ஒண்ணு' என்று மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். எடிட்டர் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார். அம்மாவை உட்காரவைத்து டைரக்டர் "அதிர்ச்சிம்மா" என்றார்.

"யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. சும்மா ஒரு ஸ்டாக்குக்கு."

"அப்ப நான் எதுக்கு அதிர்ச்சியாகணும்?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். பிராம்ப்டிங்கே வேண்டாம் என்று என்னை ஓரம் கட்டிய அதே அம்மா, அன்று என்னைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி ஏதாவது சொல்லச் சொன்னார். நான் வாய்க்கு வந்தபடி, உங்கள் மகன் ஜெயிலுக்குப் போய்விட்டான் என்றேன். முகம் மாறியது. ஓகே. அடுத்து, பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றேன். அதுவும் ஓகே. இப்படி வரிசையாக நான் பொய் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் நிஜமாக முகம் கொடுத்தார். அந்த ஷாட்டுகளை எடிட்டர் வருடக்கணக்கில் பயன்படுத்தினார். ஜெயிலுக்குப் போன மகனுக்காக அவர் காட்டிய முகம், பின்னாளில் பால் பொங்கி வழிந்ததற்கும் வந்தது. பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினார்.

அம்மாவைப் போல வந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாடகத்துக்கு வந்த எஸ். என். லட்சுமி, 1964-ல் 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மா, 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் திருட்டுப் பாட்டி, 2004-ல் 'விருமாண்டி'யில் கிராமத்துப் பாட்டி. 2012-ல் இறக்கும் காலம்வரை தொலைக்காட்சித் தொடரிலும் நடித்துக்கொண்டிருந்தார். மலையாளத்துக்காரர் என்று நாம் நினைக்கும் சுகுமாரி, சோவின் நாடகக் குழுவில் சென்னை மேடைகளில் வருடக்கணக்கில் நின்றவர். சௌகார் ஜானகி வானொலியிலிருந்து 1950-ல் தெலுங்குப் படத்துக்கு வந்தவர். நட்சத்திரமான பிறகும் பாலசந்தரின் நாடக மேடைக்குப் போனார். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2022-ல், தொண்ணூறு வயதில். மனோரமாவுக்கு 2002-லேயே கிடைத்தது. விருதுக் குழுக்களின் கடிகாரம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த வரிசை இனி தொடருமா என்று கேட்டால், கஷ்டம். திறமைசாலிகள் இருக்கிறார்கள். நான் இப்போது வேலை செய்யும் பெண்களில் ஓரிருவர் பிரமாதமாகச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் தவறு செய்து பழகுவதற்கு ஒரு இடம் இல்லை. அம்மா மேடையில் சொதப்பினால் அது அந்த ஊரோடு போயிற்று, மறுநாள் வேறு ஊர். இவர்கள் சொதப்பினால் அது அன்று மாலையே துண்டு வீடியோவாக ஓடுகிறது. லைவ் சவுண்ட் வந்த பிறகு பிராம்ப்டிங்கும் குறைந்துவிட்டது. இப்போது வசனத்தை செல்போனில் அனுப்பிவிடுகிறோம். மனப்பாடம் செய்கிறார்கள், அட்சரம் பிசகாமல் சொல்கிறார்கள். எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் மட்டும் நின்றுவிடுகிறார்கள்.

தொடரில் வயதான பாத்திரங்கள் முடியும் விதம் மூன்று. காசிக்கு அனுப்புவார்கள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போடுவார்கள். அல்லது சுவரில் மாலை ஏறும். எங்கள் தொடரில் பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னபோது அம்மா பாத்திரத்துக்கு மூன்றாவது வழி என்று முடிவானது. அதை அவரிடம் சொல்லும் பொறுப்பு, வழக்கம்போல, உதவி இயக்குநர் தலையில். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சாகுற சீன் உண்டா, சும்மா போட்டோ மட்டுந்தானா?" என்றார். போட்டோ மட்டும்தான் என்றேன். "அப்ப அதுக்குக் கால்ஷீட் கெடையாது" என்று தானே கணக்கை முடித்துவிட்டு, மறுநாள் மூன்று படங்கள் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். டைரக்டர் ஒன்றை எடுத்தார். அது வேண்டாம், அதில் நான் வள்ளி என்று பிடுங்கிக்கொண்டு, மூக்குத்தி தெரிகிற படத்தைக் கொடுத்தார். படத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் எழுதியும் வாங்கிக்கொண்டார்.

சுவரில் அந்தப் படம் தொங்கிக்கொண்டிருந்தபோதே எதிர் ஃப்ளோரில் வேறொரு சேனலின் தொடரில் பாட்டியாக வந்து சேர்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு யூனிட்டுக்கும் ஒரே மெஸ். தட்டோடு எங்கள் பக்கம் வந்து உட்காருவார். புது மருமகள் எப்படி நடிக்கிறாள், அந்தக் கம்பெனியில் சம்பளம் எந்தக் கிழமை வருகிறது என்று எல்லாச் செய்தியும் வரும். கடைசியாகப் பார்த்தபோது, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "அங்கன பேப்பரு மொத நாளே வந்துருது தம்பி. உங்க எழுத்தாளருகிட்டச் சொல்லு."

சொன்னேன். இன்னும் சூடாகத்தான் வருகிறது.